‘திங்’ என்ற ஆங்கிலச் சொல்: ஊர்மன்றம் ‘பொருள்’ ஆனது எப்படி?

மணிமுத்தாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஆங்கிலக் காப்பியமான பியோவுல்ஃபை மூலத்தையும் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல வாசித்து வருகிறேன். அதில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. இன்று ஆங்கிலத்தில் எதற்கும் பயன்படும் ‘திங்’ என்ற சொல்தான் அது.

டென்மார்க் அரசனின் அவைக்கு வந்து நிற்கும் இளம் வீரன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். 409-ஆம் வரியில், ‘கிரெண்டலின் திங்’ தன் சொந்த மண்ணிலேயே தன் காதுக்கு எட்டிவிட்டது என்கிறான். கிரெண்டல் என்பது அந்த அரண்மனையை இரவுதோறும் சூறையாடும் அரக்கன். இங்கே ‘திங்’ என்றால் விவகாரம், சங்கதி. பதினேழு வரி தாண்டி, 426-ஆம் வரியில் அதே வீரன் அதே சொல்லை மறுபடியும் எடுக்கிறான். அரக்கனோடு மோதுவேன், கொல்வேன் என்று அவன் சொல்லவில்லை. அவனோடு தனி ஆளாக ஒரு ‘திங்’ நடத்தப்போகிறேன் என்கிறான். இங்கே ‘திங்’ என்றால் மன்றம். ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் கூட்டம். அதை ‘நடத்துவது’ என்று அவன் சொல்லும் வினைச்சொல்லும் கூட்டம் கூட்டுவதற்கு உரியதுதான்.

அதாவது கிரெண்டல் செய்த கொலைகளுக்கு வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் என் கையில் என்று சொல்லிவிட்டான். ஊரே கூட வேண்டிய மன்றத்தில் வாதியும் நீதிபதியும் அவன் ஒருவனே. அந்தக் காலத்துக் கேட்போருக்கு இந்த வரியில் உடல் சிலிர்த்திருக்கும். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அப்படியே வைத்தால் ஒன்றுமே மிஞ்சாது.

பழைய ஆங்கிலத்தில் இதன் குடும்பமும் பெரியது. ‘திங்கியன்’ என்ற வினைக்குப் பரிந்து பேசுதல், சமாதானம் செய்துவைத்தல் என்று பொருள். ‘திங்கெரே’ என்றால் பிறருக்காக வாதாடுபவர். எல்லாமே நீதிமன்றத்துச் சொற்கள்.

என் புரிதல் இது: முதலில் கூட்டம், பிறகு கூட்டத்தில் பேசப்படும் வழக்கு, பிறகு பேசப்படும் எந்த விஷயமும், கடைசியில் கையில் எடுக்கக்கூடிய எந்தப் பொருளும். இதைப் பற்றி மேலும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். குறிப்பாக, ஆங்கிலத்தில் மட்டும் அந்த மன்றப் பொருள் ஏன் செத்துப்போனது?

திண்ணை வாசகர் எழுதியது:

நல்ல இழை. ஆனால் இரண்டு இடங்களில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒன்று, கூட்டம்தான் முதல் பொருள் என்பது. ஆங்கிலம், ஜெர்மன், நோர்வே மொழி எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் மிகப் பழைய நீண்ட நூல்கள் கிடைத்திருப்பது கோதிக் மொழியில். அதில் இந்தச் சொல்லோடு உறவுடையதாகச் சொல்லப்படும் ‘தீஹ்ஸ்’ என்பதற்குக் காலம், வேளை என்று பொருள். அப்படியானால் ‘குறித்த நாள்’ என்பதிலிருந்துதானே கூட்டம் வந்திருக்க வேண்டும்? தவணை குறித்துக் கூடுவதால் கூட்டத்துக்கு அந்தப் பெயர்.

இரண்டு, மன்றம் என்ற பொருள் ஆங்கிலேயர்களுக்கே உரியதுதானா? இங்கிலாந்தில் வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) வந்து குடியேறிய பகுதிகளில் திங்வால் போன்ற ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. லிவர்பூல் பக்கத்தில் ஒன்று, அதற்கு எதிர்க்கரையில் விர்ரல் என்ற தீபகற்பத்தில் ஒன்று. ஸ்காட்லாந்தின் டிங்வாலும் அதே சொல்தான். ‘மன்றம் கூடும் வெளி’ என்ற ஸ்காண்டிநேவியச் சொல் அது. காப்பியத்தின் கையெழுத்துப் பிரதியோ ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குள் வைக்கிங் வருகை தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆக, மன்றப் பொருள் கடல் தாண்டி வந்த இரவல் என்று ஏன் கொள்ளக்கூடாது?

கல்மேல் எழுத்து எழுதியது:

திண்ணை வாசகரின் முதல் சந்தேகத்தை நான் ஏற்கிறேன். ‘குறித்த வேளை’ என்பதே வேராக இருக்க வேண்டும் என்பதுதான் சொல்லாய்வாளர் பலரின் கருத்தும். மணிமுத்தாறு ஐயாவின் வரிசைக்கு முன்னால் இன்னொரு படி சேர்கிறது, அவ்வளவுதான். வரிசை உடையவில்லை.

இரண்டாவதை ஏற்க முடியாது. அதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

முதலாவது, இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டுச் சட்டம். லோத்ஹெரே, எட்ரிக் என்ற இரு அரசர்களின் பெயரில் உள்ள இந்தச் சட்டத் தொகுப்பு 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. வைக்கிங் வருகையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் லின்டிஸ்ஃபார்ன் மடத்துத் தாக்குதல் 793-இல். இந்தச் சட்டம் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அதில் ஒரு விதி: ஒருவன் மற்றொருவன் மீது குற்றம் சாட்டி, அவனை ஓர் அவையிலோ ‘திங்’கிலோ சந்தித்தால், குற்றம் சாட்டப்பட்டவன் பிணை கொடுக்க வேண்டும், கென்ட் மக்களின் நீதிபதிகள் விதிப்பதைச் செய்ய வேண்டும். மன்றம் என்ற பொருள் இங்கே பளிச்சென்று இருக்கிறது. இந்தச் சட்டம் ராச்செஸ்டர் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஏட்டில்தான் நமக்குக் கிடைக்கிறது. ஆனாலும் அதன் மொழிநடை பழையது. அந்த ஏட்டை எழுதிய காலத்தில் அந்தச் சொல்லை இப்படி யாரும் புதிதாகப் புகுத்தியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் வடக்கில் ஹேட்ரியன் சுவர் ஓரமாக ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே 1883-இல் கல்லில் செதுக்கிய பலிபீடங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் லத்தீன் எழுத்துகளில் ‘மார்ஸ் திங்சஸ் தெய்வத்துக்கு’ என்று தொடங்குகிறது. மார்ஸ் ரோமானியரின் போர்க்கடவுள். திங்சஸ் என்ற அடைமொழி ‘திங்’குக்கு உரியவன், மன்றத்தின் காவலன் என்று பொருள்படும். கூடவே ‘அலைசியாகே’ என்று இரண்டு பெண் தெய்வங்கள். பெடே, ஃபிம்மிலேனே என்று அவர்களுக்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். காணிக்கை செலுத்தியவர்கள் துய்ஹான்ட்டி இனத்தார். இன்றைய நெதர்லாந்தின் துவென்டே பகுதிதான் அவர்கள் ஊர். இரண்டாவது பீடத்தில் அவர்கள் ஃப்ரீசியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் என்றும் இருக்கிறது. அதில் செவெரஸ் அலெக்சாண்டர் பேரரசனின் பெயரும் வருவதால் காலம் 222 முதல் 235 வரை என்று தெரிகிறது.

சொந்த ஊர் மன்றத்தின் தெய்வத்தை, கூலிப்படையாகப் போன இடத்தில், அடுத்தவன் மொழியில், அடுத்தவன் கடவுளின் பெயரோடு ஒட்டவைத்து வணங்கியிருக்கிறார்கள். கோட்டைக் காவலில் நின்ற சிப்பாய்களுக்கு ‘திங்’ என்பது எவ்வளவு பெரிய சொல்லாக இருந்திருக்கிறது! ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்சன்கள் அந்தத் தீவுக்குக் குடிவருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. ஜெர்மனில் செவ்வாய்க்கிழமைக்கு ‘தீன்ஸ்டாக்’, டச்சில் ‘தின்ஸ்தாக்’ என்று பெயர் வந்ததும் இந்தத் திங்சஸால்தான் என்று விளக்குகிறார்கள். ஆங்கிலத்தின் ‘டியூஸ்டே’ அதே கடவுளின் இன்னொரு பெயரான ‘டீவ்’ என்பதிலிருந்து வந்தது.

பேர்கன் பவானி எழுதியது:

கல்மேல் எழுத்து அண்ணா, அந்தப் பீடத்தின் கதைக்கு மிக்க நன்றி. நான் நோர்வேயில் இருக்கிறேன். இங்கே இந்தச் சொல்லின் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாடாளுமன்றத்தின் பெயர் ‘ஸ்டூர்டிங்’, பெரிய திங். டென்மார்க்கில் ‘ஃபோல்கெடிங்’, மக்கள் திங். ஐஸ்லாந்தில் ‘ஆல்திங்கி’, எல்லாருடைய திங். ஃபரோ தீவுகளில் ‘லொக்டிங்’, சட்டத் திங். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது அன்றாட வாழ்க்கையைப் பற்றி. இங்கே முதல்நிலை நீதிமன்றத்துக்குப் பெயர் ‘திங்ரெத்’. என் ஊரில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயரில் ‘குலாதிங்’ இருக்கிறது. பேர்கனுக்கு வடக்கே குலென் என்ற இடத்தில் வைக்கிங் காலத்தில் கூடிய மன்றத்தின் பெயர் அது. ஐஸ்லாந்தில் குடியேறியவர்கள் தங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று ஓர் ஆளை நோர்வேக்கு அனுப்பினார்கள். அவர் குலாதிங் சட்டத்தை அடியொற்றித்தான் சட்டம் வகுத்துக்கொண்டு திரும்பினார் என்று ஐஸ்லாந்தின் பழைய வரலாறு சொல்கிறது.

வீடு வாங்கியபோதுதான் இந்தச் சொல் எனக்கு உண்மையில் உறைத்தது. இங்கே பத்திரப்பதிவுக்குத் ‘திங்லீசிங்’ என்று பெயர். முதலில் அதை அலுவலகச் சொல்லாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். ‘லீஸே’ என்றால் அறிவித்தல், உரக்கச் சொல்லுதல். ஆக ‘திங்லீசிங்’ என்றால் மன்றத்தில் அறிவித்தல். இன்னார் நிலம் இன்னாருக்குப் போகிறது என்று ஊர் கூடிய இடத்தில் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தக் காலத்தில் உரிமை மாற்றம் செல்லும். இன்று அது கணினியில் நடக்கும் வேலை. பெயர் மட்டும் மாறவில்லை. என் பெயரில் வீடு பதிவானதாக வந்த தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது, ஒரு கூட்டத்தின் முன்னால் என் பெயர் படிக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது. ஊரை விட்டு வந்து, சொந்தக் காணி என்பதே எட்டாத சொல்லாகிப்போயிருந்த எனக்கு அது சின்ன விஷயமில்லை.

வாய்விட்டுப் படிப்பது என்றதும் இன்னும் இரண்டு நினைவுக்கு வருகின்றன. ஐஸ்லாந்தின் ஆல்திங்கி 930-இல் தொடங்கியது. எழுத்தில் சட்டம் இல்லாத காலம். சட்டமுரைப்பவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்குச் சட்டம் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் பாறை மேல் நின்று ஒப்பிக்க வேண்டும். திங்வெட்லிர் என்ற அந்த இடத்தில் ‘சட்டப்பாறை’ இருந்ததாகக் கருதப்படும் மேட்டில் இப்போது ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. பின்னால் எரிமலைப் பாறைச் சுவர் உயர்ந்து நிற்பதால் குரல் நன்றாக எடுபடும்.

மற்றது, அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் மேன் தீவு. அதன் நாடாளுமன்றம் ‘டின்வால்ட்’. திங்வெட்லிர், திங்வால், டின்வால்ட் எல்லாம் ஒரே சொல்லின் வெவ்வேறு உச்சரிப்புகள். ஒவ்வோர் ஆண்டும், வழக்கமாக ஜூலை 5 அன்று, படிப்படியாக எழுப்பிய ஒரு புல்மேட்டில் கூடி, அந்த ஆண்டுச் சட்டங்களின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தீவின் சொந்த மொழியான மேங்ஸிலும் படிக்கிறார்கள். பதினெட்டு மாதங்களுக்குள் அப்படிப் படிக்கப்படாத சட்டம் செல்லாது.

கீழமை நீதிமன்றம் எழுதியது:

வழக்கறிஞராக இருப்பதால் இந்த இழை எனக்கு விருந்து. கென்ட் சட்டத்தின் அந்த ஒரே வாக்கியத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. ‘குற்றம் சாட்டி’ என்ற இடத்தில் வருவது ‘சாக்கு’ என்ற சொல்லின் ஒரு வடிவம். வழக்கு, சச்சரவு என்று அதற்குப் பொருள். அதுதான் இன்று ‘உனக்காக’, ‘அமைதிக்காக’ என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் வரும் ‘சேக்’. ஜெர்மனில் அதே சொல் ‘ஸாஹே’ ஆகி, பொருள், விஷயம் என்று மாறிவிட்டது. ஒரே வாக்கியத்தில் இருந்த இரண்டு வழக்குச் சொற்களும் வெவ்வேறு மொழிகளில் ‘பொருள்’ ஆகியிருக்கின்றன.

லத்தீன் பக்கமும் அதே கதை. ‘காவுசா’ என்றால் வழக்கு, காரணம். அதுதான் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ‘கோசா’, பிரெஞ்சில் ‘ஷோஸ்’. எல்லாவற்றுக்கும் இன்று பொருள், விஷயம் என்றே அர்த்தம். அந்தப் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலச் சட்டத்துக்குள் நுழைந்து, கடன்பாக்கி போல வழக்குப் போட்டு மட்டுமே மீட்கக்கூடிய உரிமைக்கு ‘ஷோஸ் இன் ஆக்‌ஷன்’ என்று பெயராயிற்று. வழக்கிலிருந்து பொருளாகி, மறுபடியும் வழக்குக்கே வந்து சேர்ந்துவிட்டது அந்தச் சொல்.

நம் பக்கமும் பாருங்கள். ‘விவகாரம்’ வடமொழித் தருமநூல்களில் நீதிமன்ற வழக்குக்கான கலைச்சொல். தமிழில் இன்று அது எந்தச் சிக்கலுக்கும் பெயர். ‘சங்கதி’க்கு வடமொழியில் கூடுதல், சேர்க்கை என்று பொருள், தமிழில் அது செய்தி, விஷயம். நம்முடைய ‘வழக்கு’ ஒரே மூச்சில் நீதிமன்றத்தையும் ஊர் நடைமுறையையும் குறிக்கிறது. இவற்றுக்கும் ‘திங்’குக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் பலபேர் கூடிப் பேசித் தீர்க்கும் இடத்தில் பிறந்த சொற்கள் பொதுச் சொற்களாகப் பரவுவது மொழிக்கு மொழி நடக்கிறது.

ஏன் என்பதற்கு என்னால் ஒரு காரணம் சொல்ல முடியும். நீதிமன்றத்தில் நாங்கள் பெயர் சொல்லிப் பேசுவது குறைவு. ‘இந்த விஷயத்தில்’, ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்றே பேசுவோம். மாடு திருடு போனாலும், வரப்புத் தகராறானாலும், கொலையானாலும் அவை முன் வந்துவிட்டால் அது ‘மேற்படி விஷயம்’. எதுவாக இருந்தாலும் பொருந்தும் ஒரு சொல் முதலில் தேவைப்பட்ட இடம் மன்றம்தான். மன்றத்தைவிட்டு அந்தச் சொல் வீட்டுக்கு வந்தபோது மாடும் வரப்பும் கூடவே வந்துவிட்டன.

மணிமுத்தாறு ஐயாவின் கடைசிக் கேள்விக்கும் என் தொழிலில் ஒரு விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் மன்றத்துக்கு இன்னொரு சொல் போட்டியாக நின்றது: ‘மோட்’. அறிஞர் அவை, ஊரவை, மாவட்ட அவை என எல்லாவற்றின் பெயரிலும் அதுவே அமர்ந்துகொண்டது. மன்றத்துக்கு ‘மோட்’ போதும் என்றானபோது ‘திங்’ விஷயத்தின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டது. அந்த ‘மோட்’ இன்றும் எங்கள் சட்டக் கல்லூரிகளில் இருக்கிறது. மாணவர்கள் கற்பனை வழக்கை வாதாடிப் பழகும் ‘மூட் கோர்ட்’ அதுதான்.

திண்ணை வாசகர் எழுதியது:

கென்ட் சட்டம் வலுவான சான்று. மன்றப் பொருள் இங்கிலாந்துக்கும் சொந்தமானது என்பதை ஏற்கிறேன். பலிபீடம் கண்டத்து ஜெர்மானியர்களுடையது என்பதால் அதை நேரடிச் சான்றாக எடுக்க மாட்டேன். ஆனால் சொல்லின் பழமைக்கு அது போதும்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன காரணம் எனக்கு நிறைவாக இருக்கிறது. அதோடு ஒன்று சேர்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் லத்தீன் படித்த துறவிகள். லத்தீனில் வழக்கு, விஷயம், பொருள், சொத்து எல்லாவற்றையும் ‘ரேஸ்’ என்ற ஒரே சொல் தாங்கியது. அதை மொழிபெயர்க்கும்போதெல்லாம் கைக்கு வந்தது ‘திங்’தான். மடத்து எழுதுகோலும் அந்தச் சொல்லை அகலமாக்கியிருக்கும்.

மணிமுத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பவானி அம்மா எழுதிய பத்திரச் சங்கதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

ஆங்கிலத்திலும் மன்றப் பொருள் முழுவதுமாகச் சாகவில்லை. ஒரு கூட்டுச்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கிறது. நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில்கூடத் தேர்தல் காலத்தில் ‘ஹஸ்டிங்ஸ்’ என்ற சொல் அடிக்கடி வருமே, அதுதான். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ‘ஹூஸ்’ என்றால் வீடு. ‘ஹூஸ்திங்’ என்றால் வீட்டுக்குள் கூடும் திங். ஊர் முழுவதும் வெளியில் கூடுவது பொதுத் திங். அரசனோ தலைவனோ தன் சொந்த ஆட்களை மட்டும் கூட்டிப் பேசுவது ஹூஸ்திங். இது உண்மையாகவே வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். இந்த அளவில் திண்ணை வாசகர் சொன்னது பொருந்துகிறது.

ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு 1012-ஆம் ஆண்டுக்கு எழுதிய பதிவில் இந்தச் சொல் வருகிறது. முந்தைய ஆண்டு கேன்டர்பரி நகரைச் சூறையாடிய டேனியப் படை, பேராயர் ஆல்ஃபேயாவைப் பிடித்து வைத்திருந்தது. தன் விடுதலைக்காக யாரும் பணம் கொடுக்கக்கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை. தெற்கிலிருந்து வந்த மதுவைக் குடித்துப் படை வெறியில் இருந்தது. பேராயரைத் தங்கள் ‘ஹஸ்டிங்’குக்கு இழுத்து வந்தார்கள். எலும்புகளையும் மாட்டுத் தலைகளையும் அவர் மேல் வீசினார்கள். கடைசியில் ஒருவன் கோடரியின் பின்புறத்தால் தலையில் அடித்தான், அவர் விழுந்தார். நடந்த இடம் கிரெனிச். உலகத்தின் நேரத்தைக் கணக்கிடும் கோடு ஓடும் அதே ஊர்.

இப்படி ரத்தத்தோடு எழுத்தில் ஏறிய சொல், பிறகு லண்டன் மாநகரின் பழமையான நீதிமன்றத்துக்குப் பெயரானது. கில்ட்ஹால் மண்டபத்தில் கூடிய அந்த ஹஸ்டிங் நீதிமன்றத்தில் லண்டன்வாசிகளின் உயில்களும் சொத்துப் பத்திரங்களும் பதிவாயின. நோர்வேயின் ‘திங்லீசிங்’குக்கு ஏறத்தாழ இணையான வேலை. நீதிமன்றத்தின் பெயர் அடுத்து மேயரும் மூத்த உறுப்பினர்களும் அமரும் மேடைக்கு வந்தது. பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்களை முன்மொழியும் தற்காலிக மர மேடைக்கு. வேட்பாளர் அதில் ஏறி நிற்பார். வாக்காளர் எல்லோர் முன்னாலும் வாய்திறந்து தன் வாக்கைச் சொல்வார். அது ஏட்டில் ஏறும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊருக்கே தெரியும். பண்ணையாருக்கும் தெரியும். 1872-இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தபோது அந்த மேடை போயிற்று. குத்தகைக்காரன் அஞ்சாமல் வாக்களிக்க வழி பிறந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மேடை போன பிறகும் சொல் மட்டும் தேர்தல் பிரசாரத்துக்குப் பெயராக நின்றுவிட்டது.

மெய்யியல் மாணவி எழுதியது:

இந்த இழையில் ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1950-இல் அவர் ‘பொருள்’ என்ற தலைப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு சாதாரண மண்குடுவையை எடுத்துக்கொண்டு, அது ஏன் வெறும் சடம் இல்லை என்று கேட்கிறார். குடுவையில் இருந்து ஊற்றும் நீரில் வானும் மண்ணும் மனிதரும் தெய்வங்களும் ஒன்றுகூடுகின்றன என்பது அவர் வாதம். அங்கேதான் பழைய ஜெர்மன் சொல்லை எடுத்து, ‘திங்’ என்பது கூட்டுவது, ஒன்றுசேர்ப்பது என்கிறார். எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. சுற்றியிருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு கூட்டம் என்று பார்க்கத் தொடங்கினால் உலகமே மாறித் தெரிகிறது.

திண்ணை வாசகர் எழுதியது:

//‘திங்’ என்பது கூட்டுவது, ஒன்றுசேர்ப்பது என்கிறார்//

தங்கை, குடுவையைப் பற்றி அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குச் சொல்லின் வேரைச் சாட்சிக்கு அழைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு சொல்லின் பழைய பொருள்தான் அதன் உண்மையான பொருள் என்பது சரியில்லை. ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்ற சொல் ‘அறியாதவன்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; நெடுங்காலம் ‘முட்டாள்’ என்று பொருள்பட்டது. இன்று ஒருவரை அந்தச் சொல்லால் பாராட்டுபவர் அவரை மறைமுகமாக முட்டாள் என்கிறாரா? ஜெர்மன்காரர் ஒருவர் மேசையைக் காட்டி ‘திங்’ என்றால் அவர் மனதில் மன்றமும் இல்லை, கூடுதலும் இல்லை. மேசைதான் இருக்கிறது.

மணிமுத்தாறு எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதில் எனக்குத் திண்ணை வாசகர் பக்கமே சாய்வு. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது, அதைப் பேசியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும். உலகம் எப்படி இருக்கிறது என்பதற்கு அது ஆதாரமாகாது.

அவர்கள் வாழ்க்கையைக் காட்டுவது என்றால் டாசிட்டஸ் எழுதியதைப் படிக்க வேண்டும். ரோமானிய வரலாற்றாசிரியர், 98-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதினார். அமாவாசையிலோ பௌர்ணமியிலோ மன்றம் கூடுமாம். ஆயுதத்தோடு வந்து அமர்வார்களாம். பூசாரிகள் அமைதி காக்கச் சொல்வார்களாம். பிடிக்காத யோசனைக்கு முணுமுணுப்பு. பிடித்தால் ஈட்டிகளை மோதி ஓசை எழுப்புவது. ஆனால் யாரும் குறித்த நாளுக்கு வருவதில்லை, ஆள் சேருவதற்குள் இரண்டு மூன்று நாள் வீணாகிவிடுகிறது என்று குறைப்படுகிறார். ஆணைக்குக் கட்டுப்பட்டு வருவதாகத் தெரியக்கூடாது என்ற சுதந்திர உணர்வால் வந்த குறை அது என்றும் அவரே சொல்கிறார். ‘குறித்த வேளை’ என்ற வேர்ப்பொருளை இதோடு சேர்த்துப் பாருங்கள். வேளை குறித்தது உண்மை; அதற்கு அடங்க மறுத்ததும் உண்மை.

புதுவரவு எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். ஒரு சின்னக் கேள்வி. ஆங்கிலத்தில் பரிதாபப்படும்போது ஒருவரை ‘பூர் திங்’ என்கிறார்களே. மனிதரைப் போய்ப் பொருள் என்று சொல்வது எப்படி வந்தது? மன்றத்தில் நிறுத்தப்பட்ட குற்றவாளியிலிருந்து வந்ததா?

மணிமுத்தாறு எழுதியது:

அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே ‘திங்’ என்பது இருக்கின்ற எதையும், உயிருள்ளவற்றையும் சேர்த்தே, குறித்தது. படைப்பு முழுவதையும் ‘எல்லாத் திங்கும்’ என்று சமய நூல்களில் எழுதினார்கள். அதில் மனிதனும் அடக்கம். உயிரற்ற சடம் என்ற குறுகல் பின்னால் வந்தது. ‘பூர் திங்’கில் இருப்பது அந்தப் பழைய விரிந்த பொருள், அதனால் அதில் இழிவு இல்லை. தமிழில் ‘அது பாவம்’ என்று குழந்தையைச் சொல்வோமே, அதே அன்பு.

மாறாக, ஒரு மனிதரை ‘திங்’ என்று இகழ்வது சடப்பொருள் என்ற பொருள் வலுத்த பிறகு வந்தது. ஒரே சொல்லில் கனிவும் இகழ்வும் இரண்டும் வாழ்கின்றன. குரல்தான் பிரித்துக் காட்டுகிறது.

பவானி அம்மாவிடம் ஒரு கேள்வி. நோர்வேயில் பொருளுக்கும் மன்றத்துக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் வராதா? அங்கே பேசுபவர்கள் இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் உணர்கிறார்களா?

பேர்கன் பவானி எழுதியது:

ஐயா, நானும் மொழி படிக்கத் தொடங்கிய காலத்தில் ஆசிரியையிடம் இதைத்தான் கேட்டேன். குழப்பம் வராது. இலக்கணம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நோர்வே மொழியில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. பொருள் என்ற ‘திங்’ ஆண்பால். ‘அந்தப் பொருள்’ என்று சொல்ல ‘திங்கென்’ என்பார்கள். மன்றம் என்ற ‘திங்’ ஆணும் பெண்ணும் இல்லாத நடுப்பால். ‘அந்த மன்றம்’ என்றால் ‘திங்கெ’. அதனால்தான் நாடாளுமன்றத்தைச் சொல்லும்போது ‘ஸ்டூர்டிங்கெ’ என்று முடியும். எழுத்தில் கடைசியில் ஒரு ‘ட்’ உண்டு, உச்சரிப்பில் விழுந்துவிடும். டேனிய மொழியிலும் இதே பிரிவினை இருக்கிறது.

ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். அங்கே ‘திங்’ என்றால் பெரும்பாலும் மன்றம்தான். கையில் எடுக்கும் பொருளுக்கு ‘ஹ்லூத்துர்’ என்கிறார்கள். பங்கு, பாகம் என்பதும் அதே சொல்தான். ஆக, ஆங்கிலம் மன்றத்தை விட்டுப் பொருளை வைத்துக்கொண்டது, ஐஸ்லாந்து பொருளை விட்டு மன்றத்தை வைத்துக்கொண்டது, நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு பாலை மாற்றிவிட்டோம். என் மகள் பள்ளியில் நாடாளுமன்றத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘திங்கென்’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திவிடுவார்.